வலி போய்விட்டது, வலு வரவில்லை

எலும்பு, மூட்டு: வாசகர் கேள்விகள்

கேள்வி: டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். எனக்கு வயது 46. காஸ் ஏஜென்சியில் வீடுகளுக்குச் சிலிண்டர் போடும் வேலை. வண்டியிலிருந்து நழுவிய நிறை சிலிண்டரை வலது கையால் தாங்கிப் பிடித்தபோது முழங்கையின் உட்புறம் ‘பட்’டென்று சத்தம் கேட்டது. அன்று இரவு வலியில் உயிர் போனது. மறுநாள் முழங்கை மடிப்பிலிருந்து மணிக்கட்டு வரை கன்றிக் கறுத்துவிட்டது. ஓர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்து, எலும்பு முறியவில்லை என்று சொல்லி மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். பிறகு எலும்பு வைத்தியரிடம் எண்ணெய்க் கட்டுப் போட்டேன். ஒரு வாரத்தில் வலி போய்விட்டது. ஆனால் கைச்சதை மேலே ஏறி உருண்டு நிற்கிறது. ஸ்பேனரைப் பிடித்துத் திருப்பினால் கை சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. ‘ஜவ்வு அறுந்திருக்கும், ஆபரேஷன் செய்ய வேண்டும்’ என்கிறார் தெரிந்த நர்ஸ் ஒருவர். ‘வலியே இல்லாத கையை எதற்கு அறுக்க வேண்டும்?’ என்கிறார் மச்சான். பீடிப் பழக்கம் உண்டு. என்ன செய்யட்டும்?
- ஒரு வாசகர், ஈரோடு

பதில்: நர்ஸ் சொன்னதுதான் சரி. இந்த இதழ் அச்சாகிக் கடைக்கு வரும் வரை உங்களைக் காக்க வைத்தால் பதிலால் பயனில்லை என்பதால், ஆசிரியர் குழுவிடம் உங்கள் எண்ணை வாங்கி ஏற்கெனவே பேசிவிட்டேன். கீழே எழுதுவது, இதே நிலையில் வலி போன நிம்மதியில் வீட்டில் உட்கார்ந்திருக்கும் மற்றவர்களுக்காக.

நிறை சிலிண்டர் என்றால் 14.2 கிலோ வாயுவும் கிட்டத்தட்ட அதே எடைக்கு இரும்பும். ஆக மொத்தம் முப்பது கிலோ. நீங்கள் கையை மடக்கி ஏந்தப் பார்க்கிறீர்கள், சிலிண்டர் அதே கையை நீட்டி இழுக்கிறது. இந்த இழுபறியில்தான், புஜத்திலுள்ள பைசெப்ஸ் தசையை முன்கையின் ஆரை எலும்போடு பிணைத்திருக்கும் தசைநாண் எலும்பை விட்டுப் பிய்ந்து வருகிறது. பிய்ந்ததும் தசை மேல்நோக்கிச் சுருங்கி உருண்டுகொள்கிறது. 40 முதல் 60 வயது வரையுள்ள ஆண்களிடம்தான் இதை அதிகம் பார்க்கிறோம். புகைப்பவர்களுக்கு இந்த ஆபத்து ஏழு மடங்குக்கும் மேல் என்று 2002இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு சொல்கிறது. நான் கேட்காமலேயே பீடியைப் பற்றி எழுதிவிட்டீர்கள். அந்த நேர்மையோடு பீடியையும் விட்டுவிடுங்கள்.

வலி ஏன் போனது என்று மச்சானுக்குச் சொல்லுங்கள். முழுதாக அறுந்த நாணில் இழுபட்டு வலிக்க எதுவும் மிச்சமில்லை. பாதி கிழிந்தவர்கள்தான் மாதக்கணக்கில் வலியோடு அலைகிறார்கள். எக்ஸ்ரேயில் எலும்பு தெரியும், தசைநாண் தெரியாது. ஆகவே ‘முறிவு இல்லை’ என்பது ‘ஒன்றும் இல்லை’ என்றாகிவிடாது.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி வேண்டியதில்லை. முழங்கையைச் செங்கோணமாக மடக்கி, உள்ளங்கையை முகத்தைப் பார்க்குமாறு திருப்பச் சொல்வேன். முழங்கை மடிப்பின் வெளிப்பக்கத்திலிருந்து என் ஆள்காட்டி விரலை உள்ளே கொடுத்துக் கொக்கிபோல் இழுத்துப் பார்ப்பேன். நல்ல கையில் விறைப்பான கயிறு ஒன்று விரலில் மாட்டும். அறுந்த கையில் விரல் வெறும் சதையில் அமுங்கும். அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவமனையைச் சேர்ந்த ஷான் ஓ’டிரிஸ்கோல் 2007இல் எழுதிய சோதனை இது. உட்பக்கத்திலிருந்து விரலைக் கொடுத்தால் அங்குள்ள வேறொரு பட்டை சிக்கி, நாண் நன்றாக இருப்பதாக ஏமாற்றிவிடும். சந்தேகம் இருந்தால் அல்ட்ராசவுண்டோ எம்.ஆர்.ஐ.யோ எடுக்கலாம்.

அறுவை செய்தே ஆக வேண்டுமா? எல்லோருக்கும் வேண்டியதில்லை. கையை மடக்கும் வேலையில் பெரும்பங்கு பைசெப்ஸுக்கு அடியில் இருக்கும் இன்னொரு தசையுடையது. அது இருக்கும் வரை சோறு உண்ணலாம், சட்டை போடலாம். குறைவது திருப்பும் வலு. உள்ளங்கையை மேல்நோக்கித் திருப்பும் பலத்தில் ஏறத்தாழ 40 சதவீதமும், மடக்கும் பலத்தில் 30 சதவீதமும் போய்விடும். எழுபதைத் தாண்டியவர், இதயக் கோளாறு உள்ளவர், மேசை வேலை பார்ப்பவர் என்றால் நானே ‘விட்டுவிடுங்கள்’ என்பேன். ஸ்பேனரும் சிலிண்டருமாகப் பிழைக்கும் 46 வயது வலது கைக்கு அப்படிச் சொல்ல மாட்டேன்.

அதுவும் அடிபட்ட இரண்டு, மூன்று வாரங்களுக்குள் செய்ய வேண்டும். நாள் தள்ளினால் நாண் மேலே சுருங்கிச் சுற்றுத் திசுக்களோடு ஒட்டிக்கொள்ளும். அது இருந்த வழியும் மூடிவிடும். பிறகு தொடையிலிருந்து நாண் எடுத்து ஒட்டுப்போட வேண்டியிருக்கும். எலும்பு வைத்தியர்களோடு எனக்குச் சண்டை கிடையாது, ஆனால் எண்ணெய் போட்டு உருவுவதால் பிய்ந்த நாண் எலும்பில் போய் ஒட்டாது. உங்கள் விஷயத்தில் அந்தக் கட்டு தின்றது நாட்களை.

பெரும்பாலும் கையை மட்டும் மரக்கச் செய்தே அறுவையை முடித்துவிடலாம். மடிப்புக்குச் சற்றுக் கீழே மூன்று, நான்கு சென்டிமீட்டர் கீறி, சுருங்கிய நாணைத் தேடி இறக்கி, அதன் முனையில் உறுதியான நூலைப் பின்னுவோம். ஆரை எலும்பில் துளையிட்டு, 12 மில்லிமீட்டர் நீளமுள்ள டைட்டானியம் வில்லை ஒன்றை நூலோடு மறுபுறம் செலுத்துவோம். அது அங்கே குறுக்காகத் திரும்பி நின்றுகொள்ளும். நூலை இழுத்தால் நாண் பழைய இடத்தில் வந்து அமரும். ஒவ்வொரு முறையும் எனக்குப் பிடித்த கணம் அது. எலும்பில் ‘ஆங்கர்’ என்ற சிறு நங்கூரத்தைப் பதித்துத் தைப்பவர்களும் உண்டு, இரண்டு கீறல் போடுபவர்களும் உண்டு. எது என்பதைவிட, செய்பவருக்குக் கைவந்த முறையா என்பதே முக்கியம்.

உங்களுக்குக் கஷ்டம் அதன் பிறகுதான். ஆறு வாரத்துக்கு அந்தக் கையில் டீ டம்ளருக்கு மேல் எதையும் தூக்கக் கூடாது. வலுவேற்றும் பயிற்சி மூன்றாம் மாதம் தொடங்கும். சிலிண்டர் தூக்க ஐந்து, ஆறு மாதமாவது ஆகும். வலி இல்லை என்று மூன்றாம் வாரமே தண்ணீர்க் குடம் தூக்கி, போட்ட தையலைப் பிய்த்துக்கொண்டு வந்தவர்கள் உண்டு. ஏஜென்சிக்காரரிடம் இப்போதே பேசி இலகுவான வேலை கேளுங்கள். இ.எஸ்.ஐ. பிடித்தம் உண்டா, முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்பதை அறுவைக்கு முன்பே பாருங்கள்.

கேள்வி: என் அப்பாவுக்கு 71 வயது. தோளில் ஏதோ அறுந்தது போலிருந்ததாம். இப்போது கைச்சதை முழங்கைப் பக்கமாக இறங்கி உருண்டையாக இருக்கிறது. அறுவை தேவையா?
- ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: அநேகமாக வேண்டாம். இது அதே தசையின் மேல்முனை. அங்கே இரண்டு நாண்கள் உண்டு. நீளமானது அறுந்தாலும் மற்றது தாங்கிக்கொள்ளும். உருண்டை அப்படியே இருக்கும், வேலை கெடாது. ஆனால் கையைத் தலைக்கு மேல் தூக்கச் சிரமப்படுகிறாரா என்று பாருங்கள். அப்படியானால் தோளைச் சுற்றியுள்ள மற்ற நாண்களும் கிழிந்திருக்கலாம், காட்டிவிடுவது நல்லது.

கேள்வி: முழங்கையில் பைசெப்ஸ் நாண் அறுவை முடிந்து சில நாட்கள் ஆகின்றன. கட்டைவிரல் பக்கமாக முன்கைத் தோல் மரத்துக் கிடக்கிறது. பயப்பட வேண்டுமா?
- ஒரு வாசகர், சேலம்

பதில்: இந்த அறுவையில் நாங்கள் அடிக்கடி பார்க்கும் தொல்லை இதுதான். கீறலருகே ஓடும் உணர்வு நரம்பு இழுபட்டிருக்கும். சில வாரங்களிலோ மாதங்களிலோ பெரும்பாலும் தானாகச் சரியாகிவிடும். மரத்த இடத்தில் சூடான பாத்திரம் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். விரல்களையோ கட்டைவிரலையோ நிமிர்த்த முடியவில்லை என்றால் அது வேறு நரம்பு. அப்போது அடுத்த இதழுக்குக் கடிதம் எழுதாமல், அறுவை செய்தவரை அன்றே போய்ப் பாருங்கள்.