கொடையாளியின் பெயரைத் தேடப்போய் அப்பாவின் பெயரை இழக்காதீர்கள்

கேள்வி: ஹட்டனில் இருக்கிறேன், வயது 24. ஆசிரியராக இருந்த அப்பா மரணசாசனம் எழுதாமலே போன வருஷம் இறந்துவிட்டார். காரியம் முடிந்த பிறகு அம்மா அழுதுகொண்டே சொன்னார்: அப்பாவுக்கு விந்தணு இல்லாததால், கொழும்பில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் யாரோ ஒருவரின் விந்தணுக் கொடையால்தான் நான் பிறந்தேனாம். இது சித்தப்பா காதுக்கும் போய்விட்டது. “எங்க ரத்தமே இல்லாதவளுக்கு அண்ணன் வீடு எதுக்கு?” என்கிறார். இத்தனை வருஷம் மறைத்த அம்மாவோடு பேசவே மனம் வரவில்லை. வழக்குப் போட்டு அந்த மனிதரின் பெயரை வாங்க முடியுமா? பிறப்புச் சான்றிதழையும் உண்மைப்படி திருத்த வேண்டும்.

பதில்: அம்மா மறைத்ததையும் சித்தப்பாவின் வாய்ப்பேச்சையும் கொஞ்சம் தள்ளி வையுங்கள். நீதிமன்றம் பார்க்கப்போவது ஒன்றைத்தான்: நீங்கள் பிறந்தபோது அம்மாவும் அப்பாவும் சட்டப்படி கணவன் மனைவியா?

ஆம் என்றால், 1895ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டம் 112ஆம் பிரிவின்படி நீங்கள் அவருடைய மகள். அதை உடைக்க விரும்புகிறவர், கருவான காலத்தில் இருவரும் கூடி வாழ வாய்ப்பே இருக்கவில்லை என்றோ, அப்பா ஆண்மையற்றவர் என்றோ நிரூபிக்க வேண்டும். ரத்தத்தைப் பற்றி அந்தப் பிரிவில் ஒரு சொல்லும் இல்லை. விந்தணு இல்லாததும், உடலுறவுக்கே இயலாத ஆண்மையின்மையும் ஒன்றல்ல என்றே நான் வாதாடுவேன்; எதிர்த்தரப்புச் சட்டத்தரணி இரண்டையும் ஒன்றாக்கத்தான் பார்ப்பார்.

உங்களைப் போன்ற மலையகத் தமிழருக்கு யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கச் சட்டமான தேசவழமையும் இல்லை, கண்டிச் சிங்களவரின் கண்டியச் சட்டமும் இல்லை. பொதுச் சட்டப்படி பாதி அம்மாவுக்கு, மறுபாதி உங்களுக்கு. நீங்கள் பிள்ளை இல்லை என்று ஆனால் மட்டுமே சித்தப்பாவுக்கு வழி திறக்கும். அந்த வழியைப் பெரும்பாலும் திறந்துவிடுவது பிள்ளையேதான். எனக்குக் கவலை இதில்தான்.

பெயர் கேட்டு வழக்குப் போட்டால் முதல் பந்தியிலேயே “அவர் என்னைப் பெற்றவர் அல்ல” என்று எழுத வேண்டிவரும். கூடவே உங்கள் கையொப்பத்தோடு சத்தியக்கடதாசி. சித்தப்பா காசு கட்டிப் பிரதி எடுத்துக்கொள்வார். பிறப்புச் சான்றிதழைத் திருத்தக் கேட்பதும் அதே வேலையைத்தான் செய்யும். என்னிடம் வந்த ஒரு பெண், கோபத்தில் அத்தைக்கு வாட்ஸ்அப்பில் “நான் அவங்க மகளே இல்லையாம்” என்று ஒரே ஒரு வரி அனுப்பியிருந்தார். அதை அச்செடுத்து, ஆவணமாக அடையாளமிட்டு, குறுக்கு விசாரணையில் திரும்பத் திரும்ப அவரையே வாசிக்க வைத்தார்கள். அந்த வழக்கு வருஷக்கணக்கில் இழுத்தது. ஆகவே யாருக்கும் எதுவும் எழுதாதீர்கள். “சந்தேகம் தீரட்டும், டி.என்.ஏ. பாத்திடுவோம்” என்று சித்தப்பா பக்கத்திலிருந்து யார் கேட்டாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள். இணையத்தில் வாங்கும் டெஸ்ட்டும் இப்போது வேண்டாம்.

சரி, அந்தப் பெயர்? தன் பிறப்பை அறியும் உரிமை உங்களுக்கு இருக்கத்தான் வேண்டும். பிரித்தானியாவில் 2005 ஏப்ரல் 1க்குப் பிறகு பதிவான கொடையாளியின் பெயரைப் பிள்ளை 18 வயதில் கேட்டு வாங்கலாம். இங்கே அப்படி ஒரு சட்டம் இல்லை. பிள்ளை தன் பெற்றோரை இயன்றவரை அறியும் உரிமையைச் சொல்லும், ஐ.நா. சிறுவர் உரிமைச் சமவாயத்தின் 7ஆம் உறுப்புரையை இலங்கை 1991இல் ஏற்றது உண்மைதான். ஆனால் உள்நாட்டில் தனிச் சட்டம் இயற்றாமல் சர்வதேச ஒப்பந்தம் இங்கே செல்லாது என்று உயர் நீதிமன்றம் சொன்ன 2006இன் சிங்கராசா தீர்ப்புக்குப் பிறகு அதை மட்டும் பிடித்துக்கொண்டு வெல்வது கடினம். ஆஸ்பத்திரிக் கோப்பு அம்மாவுடையது, நோயாளி அவர்தான். கொடையாளியின் இரத்த வகை, பரம்பரை நோய் விபரங்களை அவர் எழுத்தில் கேட்டால் தரக்கூடும். அப்பாவோடு ஒரே வீட்டில் வாழ்ந்ததற்கு முதல் சாட்சியும் அம்மாதான். அவரோடு முறைத்துக்கொண்டால் பெயருக்கான வழியும் போகும், வீட்டுக்கான சாட்சியும் போகும்.

இன்றைக்கே ஒன்று செய்யுங்கள்: அவர்களுடைய திருமணச் சான்றிதழை எடுத்துத் தேதியைப் பாருங்கள். தோட்டத்தில் கோயிலில் தாலி கட்டிவிட்டு, பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும்போதுதான் பதிவுக்குப் போன குடும்பங்கள் எத்தனையோ. பதிவு உங்கள் பிறப்புக்கு முந்தியது என்றால் சித்தப்பாவுக்கு ஒரு சதமும் கொடுக்க வேண்டாம். பிந்தியது என்றால், கோயில் திருமணத்தைச் சாட்சி வைத்து நிரூபிக்க வேண்டும். தாலி கட்டியதைப் பார்த்த பெரியவர்கள் எத்தனை பேர் இன்னும் இருக்கிறார்கள்? அந்த நிலையில் நான் சமாதானத்தையே சொல்வேன். ஒரு தொகையோ, பின்பக்கத்தில் ஒரு துண்டு நிலமோ கொடுத்து, தனக்கு வேறு உரித்து இல்லை என்று நொத்தாரிசு முன் அவரிடம் எழுதி வாங்குங்கள். அந்தப் பத்திரத்தில் உங்களை இறந்தவரின் “மகள்” என்றே குறிப்பிட வேண்டும். “வளர்ப்பு மகள்” என்று வந்தால் கையொப்பமிடாமல் எழுந்து வந்துவிடுங்கள்.