சிரிப்பு இறங்கட்டும், அப்புறம் அடுத்த வசனம்

கேள்வி: எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் ஒரு நகைச்சுவை நாடகம் போட்டோம். எல்லோருக்கும் வசனம் தண்ணீர் பட்ட பாடு. ரிகர்சலில் விழுந்து விழுந்து சிரித்தோம். மேடையில் பாதி ஜோக் எடுபடவில்லை. ஏன்?
- வாசகி, நங்கநல்லூர்

பதில்: ரிகர்சலில் எதிரே ஜனங்கள் கிடையாது. அதனால் நிற்காமல் பேசியே பழகிவிடுகிறோம். அரங்கில் ஒரு ஜோக்குக்குச் சிரித்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த வசனம் வந்தால், அது சிரிப்புச் சத்தத்தில் காணாமல் போகும். இரண்டு தடவை இப்படி ஆனால், பேச்சு காதில் விழ வேண்டுமே என்று ஜனங்கள் சிரிப்பையே அடக்கிக்கொள்வார்கள். உங்களுக்கு நடந்தது இதுதான் என்று நினைக்கிறேன்.

சிரிப்பு ஏறி, முக்கால்வாசி இறங்கியதும் பேச வேண்டும். முழுக்க அடங்கும்வரை நின்றால் காட்சி தொய்ந்துவிடும். நிற்கும் நேரத்தில் கைக்கு வேலை இருக்கட்டும். காபியை ஆற்றலாம், செய்தித்தாளை மடிக்கலாம்.

நான் இருபது வருடம் ஒரு அமெச்சூர் குழுவில் பிராம்ப்டராக இருந்தவன். சைடு விங்கில் ஒரு முக்காலி, கையில் பென்சில் டார்ச், மடியில் நோட்டு. சேர்ந்த புதிதில், மாமனாராக நடித்தவர் ஒரு காட்சியில் பேச்சை நிறுத்தினார். மறந்துவிட்டார் என்று நான் அடுத்த வரியை எடுத்துக் கொடுத்தேன். அவர் சிரிப்புக்காக நின்றிருந்தார். என் குரல் முன்வரிசை வரைக்கும் கேட்டது. அந்த இடத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. அவர் என்னைக் கடிந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை, அதுதான் இன்னும் உறுத்துகிறது. அதற்கப்புறம் ரிகர்சலில் அவர்கள் நிறுத்தும் இடத்திலெல்லாம் நோட்டில் பென்சிலால் ஒரு சுழி போட்டுவைப்பேன். சுழி இருந்தால் நான் வாய் திறக்கக் கூடாது. உங்கள் ரிகர்சலுக்கு வெளியாட்கள் பத்துப் பேரைக் கூப்பிட்டு உட்காரவையுங்கள். எங்கே சுழி போட வேண்டும் என்று அவர்கள் சிரிப்பே சொல்லிவிடும்.

கேள்வி: மாதம் ஒன்றாக நான்கு நாடகங்கள் போடுகிறோம். மூன்று நகைச்சுவை, ஒன்று ‘வள்ளி திருமணம்’. பாட்டு நாடகத்தோடு அமர்க்களமாகத் தொடங்கலாமா?
- வாசகர், கும்பகோணம்

பதில்: வேண்டாம், அதை நான்காவதாக வையுங்கள். சங்கரதாஸ் சுவாமிகள் (1867-1922) எழுதியது இன்றும் மதுரை, புதுக்கோட்டைப் பக்கத்துத் திருவிழாக்களில் விடிய விடிய நடக்கிறது. ஸ்பெஷல் நாடகக்காரர்கள் ஆளுக்கு ஓர் ஊரிலிருந்து சாயங்காலம் வந்து இறங்கி, ரிகர்சலே இல்லாமல் ராத்திரி மேடை ஏறுவார்கள். பாடமும் பாட்டும் அவர்களுக்கு அவ்வளவு ஊறியிருக்கும். நமக்கு மூன்று மாதமாவது வேண்டும்.

முதல் நாளே ஆர்மோனியக்காரரை வரச் சொல்லி சுருதியை முடிவு செய்யுங்கள். வள்ளிக்கு ஐந்து கட்டை சுகமாக இருக்கும், முருகனுக்கு ஒன்றரையைத் தாண்டினால் தொண்டை கட்டும். இருவரும் மாறி மாறிப் பாடும் தர்க்கத்தில்தான் இந்தச் சிக்கல் தெரியும். கடைசி வாரத்தில் தெரிந்தால் ஆளை மாற்ற முடியாது.

இரண்டு மணி நேரத்துக்குச் சுருக்குங்கள், தப்பில்லை. ஆனால் தர்க்கத்தையும், முருகன் கிழவனாக வந்து தேனும் தினைமாவும் கேட்கும் இடத்தையும் தொடாதீர்கள். விக்கல் எடுத்துத் தண்ணீர் கேட்கும் கிழவனுக்கு, நீங்கள் போடும் மற்ற மூன்று நாடகங்களைவிட அதிகச் சிரிப்பு கிடைத்தாலும் நான் ஆச்சரியப்பட மாட்டேன். ரெக்கார்டு பண்ணிய இசை மட்டும் கூடாது. ஜனங்கள் ரசிக்கும்போது ஒரு வரியை இன்னொரு தரம் பாட அது இடம் கொடுக்காது.

கேள்வி: பம்மல் சம்பந்த முதலியாரின் ‘சபாபதி’யை மேடையேற்ற யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்?
- வாசகர், வேலூர்

பதில்: யாரிடமும் வேண்டாம். ஆசிரியர் காலமாகி 60 ஆண்டுகள் வரைதான் இங்கே காப்புரிமை. அவர் மறைந்தது 1964-ல், ஆகவே 2024-ஓடு அது முடிந்தது. தாராளமாகப் போடுங்கள். 1891-ல் அவர் நண்பர்களோடு சேர்ந்து தொடங்கிய சுகுண விலாச சபையும் உங்களுடையதைப் போல அமெச்சூர் குழுதான். அவர் வக்கீல், பிறகு நீதிபதியாகவும் இருந்தார். இப்போது இருக்கும் ஆசிரியர்களுடைய நாடகம் என்றால் கதையே வேறு. எழுத்தில் அனுமதி வாங்குங்கள், சன்மானம் கொடுங்கள், அழைப்பிதழில் அவர் பெயரைப் பெரிதாகப் போடுங்கள். எழுதியவருக்கு நாம் செய்யக்கூடிய மரியாதை அது.

கேள்வி: மண்டபத்தில் பின்வரிசைக்கு வசனமே கேட்பதில்லை. இன்னும் இரண்டு மைக் வாங்கலாமா?
- வாசகி, திருநெல்வேலி

பதில்: முதலில் மேடைக்கு மேலே சுற்றும் மின்விசிறியை நிறுத்திப் பாருங்கள். தொங்கும் மைக் அதன் இரைச்சலைத்தான் முதலில் பிடிக்கும். அப்படியும் கேட்கவில்லை என்றால் வாங்குங்கள்.