ஸ்கேன் நார்மல் என்றால் நோய் இல்லையா?

தம்பிக்கு எம்ஆர்ஐ நார்மல், ஆனாலும் டாக்டர் மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) என்று மாத்திரை எழுதிவிட்டார், மூளையின் ரத்த ஓட்டத்தைக் கலர் கலராகக் காட்டும் ஸ்பெக்ட் ஸ்கேனுக்குக் கடன் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வாங்காதீர்கள் நண்பரே.

அந்த எம்ஆர்ஐ மனச்சிதைவைத் தேடி எடுத்ததே இல்லை. கட்டி, மூளை அழற்சி மாதிரி வேறு ஏதாவது ஆளை இப்படிப் படுத்துகிறதா என்று பார்க்கத்தான் எடுப்பார்கள். 1976இலேயே இங்கிலாந்தில் ஈவ் ஜான்ஸ்டோன் குழுவினர், மனச்சிதைவு உள்ளவர்களுக்கு மூளைக்குள் திரவம் நிற்கும் அறைகள் பெரிதாக இருப்பதை சிடி ஸ்கேனில் கண்டார்கள்தான், ஆனால் அது கூட்டத்தோடு கூட்டத்தை ஒப்பிட்டால் தெரிகிற சராசரி. நோயே இல்லாத சிலருக்கும் அதே அளவு இருக்கும் என்பதால் ஒருவர் படத்தை மட்டும் வைத்து முடிவு சொல்ல முடியாது. கலரைப் பார்த்து மயங்கவும் வேண்டாம். 2009இல் செத்த சால்மன் மீன் ஒன்றை, மூளையின் எந்தப் பகுதி வேலை செய்கிறது என்று கலரில் காட்டும் எஃப்எம்ஆர்ஐ இயந்திரத்துக்குள் வைத்து, மனிதர்களின் போட்டோவைக் காட்டி, இவர் என்ன உணர்கிறார் என்று கேட்டார்கள். தற்செயலாக வரும் பொய்யான புள்ளிகளைக் களையும் புள்ளியியல் திருத்தம் செய்யாமல் பார்த்தபோது அதன் மூளையிலும் சிவப்புப் புள்ளி தெரிந்தது!

அப்புறம், தைராய்டு, பி12 ரத்தப் பரிசோதனை ஆயிற்றா என்று டாக்டரிடம் கேளுங்கள். தம்பி எத்தனை மணிக்குத் தூங்குகிறார், என்றைக்குத் தனியாகப் பேசினார் என்று தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு போங்கள், டாக்டருக்கு அது படத்தைவிட உதவும். மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.