வண்ணாரப்பேட்டையில் இருந்து ட்ரியெஸ்ட்: இயற்பியல் கோடைப் பள்ளிகள் பற்றிக் கேள்வி-பதில்

கோடைப் பள்ளி என்றால் ஆராய்ச்சி செய்கிறவர்கள் ஓரிடத்தில் கூடி, ஒரு தலைப்பைச் சில வாரம் படிக்கும் குறுகிய காலப் பயிற்சி. வடசென்னைக் கல்லூரிகளில் இயற்பியல் படிக்கிறவர்களும் பாடம் நடத்துகிறவர்களும் அதைப் பற்றி அனுப்பிய கேள்விகளில் சிலவற்றை இங்கே எடுத்துக்கொள்கிறேன். பெயர் வேண்டாம் என்று பலர் கேட்டதால் ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

அரசுக் கல்லூரியில் எம்.எஸ்சி. இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பிளஸ் டூ வரை தமிழ் மீடியம். இத்தாலியில் ஒரு இயற்பியல் மையம் நம்மைப் போன்ற நாட்டுக்காரர்களைச் செலவு கொடுத்து அழைக்கிறது என்று சீனியர் அக்கா சொன்னார். அதெல்லாம் ஐஐடி பிள்ளைகளுக்குத்தானே மேடம்?
— மாணவி, வியாசர்பாடி

இல்லைம்மா. அந்த மையம் யாருக்காகத் தொடங்கப்பட்டது என்று தெரிந்தால் இந்தச் சந்தேகமே வராது.

ஐசிடிபி என்று சுருக்கமாகச் சொல்லும் அந்தக் கோட்பாட்டு இயற்பியல் மையத்தை 1964-இல் ட்ரியெஸ்ட் நகரில் தொடங்கியவர் அப்துஸ் சலாம். இன்றைய பாகிஸ்தானில் உள்ள ஜங் என்ற ஊர்க்காரர். கேம்பிரிட்ஜில் படித்துவிட்டு 1951-இல் லாகூர் அரசுக் கல்லூரிக்குப் பேராசிரியராகத் திரும்பினார். பேசிப் பார்க்க அங்கே சக ஆராய்ச்சியாளர் யாரும் இல்லை. புதிய ஆய்விதழ்கள் வந்து சேர்வதே பெரும்பாடு. ஆராய்ச்சியை விடுங்கள், கல்லூரிக் கால்பந்து அணியைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று பொறுப்பு கொடுத்தார்கள். கால்பந்தின் அருமை வியாசர்பாடிக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இயற்பியலில் உலகின் முன்வரிசையில் நிற்கக்கூடிய ஒருவருக்கு அந்தத் தனிமை தாங்கவில்லை. 1954-இல் மறுபடி கேம்பிரிட்ஜுக்கே போய்விட்டார். 1979-இல் நோபல் பரிசும் வாங்கினார். சொந்த ஊரா, ஆராய்ச்சியா என்று ஒன்றை விட்டு ஒன்றைப் பிடிக்கும் நிலை அடுத்தவருக்கு வரக்கூடாது என்பதுதான் அந்த மையத்தின் அடிப்படை எண்ணம். சில வாரம் அங்கே போய்ப் படித்து, நாலு பேரோடு பேசி, தெம்பாக ஊர் திரும்பி வேலையைத் தொடர வேண்டும். இத்தாலிய அரசு, யுனெஸ்கோ, சர்வதேச அணுசக்தி முகமை மூன்றும் சேர்ந்து அதை நடத்துகின்றன. இப்போதைய இயக்குநர் அதிஷ் தபோல்கர் ஓர் இந்தியர். அவருக்கு முந்தைய இயக்குநர்களில் கே.ஆர். ஸ்ரீநிவாசனும் இந்தியாவில் பிறந்தவர்தான்.

அங்கே நடக்கும் பள்ளிகளில் பெரும்பாலானவற்றுக்குப் பதிவுக் கட்டணம் கிடையாது. வளரும் நாடுகளில் இருந்து தேர்வாகிறவர்களில் பலருக்குத் தங்குமிடமும் சாப்பாடும் கிடைக்கும். விமானச் செலவு எல்லோருக்கும் கிடைக்காது. 'டிக்கெட் பணத்துக்கு முதலில் உங்கள் ஊரில் முயலுங்கள்' என்றுதான் அறிவிப்பிலேயே இருக்கும். விண்ணப்பத்தில் பயண உதவி வேண்டுமா என்று ஒரு கேள்வி வரும். கூச்சப்பட்டு வேண்டாம் என்று போட்டுவிடாதீர்கள்.

ஒன்றை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன். அங்குள்ள பள்ளிகளில் பெரும்பாலானவை பிஎச்.டி. தொடங்கியவர்களுக்கு. எம்.எஸ்சி. முடிக்கும் நிலையில் இருப்பவர்களைச் சேர்ப்பதும் உண்டு. ஒவ்வோர் அறிவிப்பிலும் யார் விண்ணப்பிக்கலாம் என்ற பத்தியை முதலில் படியுங்கள். அப்புறம் ஆங்கிலம். வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பலருக்கும் அது தாய்மொழி கிடையாது. கரும்பலகையைப் பார்த்து ஒரு சந்தேகத்தை ஆங்கிலத்தில் கேட்க வந்தால் போதும். அதை இன்றே உங்கள் வகுப்பில் பழகலாம்.

ஸ்ப்ரே பைராலிசிஸ் முறையில் ஸிங்க் ஆக்சைடு மெல்லிய படலம் செய்து பிஎச்.டி. இரண்டாம் ஆண்டில் இருக்கிறேன். கோட்பாட்டு மையத்தில் எனக்கு என்ன வேலை? அப்படியே போட்டாலும் 'ஏன் வர விரும்புகிறீர்கள்' என்ற இடத்தில் என்ன எழுதுவது?
— ஆய்வு மாணவர், தண்டையார்பேட்டை

தமிழ்நாட்டில் பாதி இயற்பியல் துறைகள் மெல்லிய படலத்திலோ படிக வளர்ப்பிலோ இருக்கின்றன, தம்பி. உங்களைப் போன்றவர்கள் தயங்குவதைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். பெயரில் 'கோட்பாடு' இருந்தாலும் ஒளியியல், பருவநிலை, மருத்துவ இயற்பியல், சின்க்ரோட்ரான் எக்ஸ் கதிர் என்று பல துறைகளுக்கு அங்கே பள்ளி நடக்கிறது. வலுவான எக்ஸ் கதிர் தரும் எலெட்ரா சின்க்ரோட்ரான் அதே ஊரில்தான் இருக்கிறது. ஒரு பொருளின் பண்புகளை அணு அளவில் கணக்கிடும் குவாண்டம் எஸ்பிரஸோ மென்பொருளும் ட்ரியெஸ்டில் வளர்ந்ததுதான். இலவசம். ஸிங்க் ஆக்சைடின் அடிப்படைக் கூட்டில் நான்கே அணுக்கள். உங்கள் லேப்டாப்பிலேயே கணக்கு ஓடும்.

இனி அந்தப் பத்தி. என் கைக்கு வரும் வரைவுகளில் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: 'சிறு வயது முதல் எனக்கு இயற்பியலில் தீராத ஆர்வம். உலகப் புகழ் பெற்ற உங்கள் மையத்துக்கு வருவது என் வாழ்நாள் கனவு.' இதைப் படிக்கிறவருக்கு உங்களைப் பற்றி ஒன்றுமே தெரியாது. பெயரை மாற்றினால் யாருக்கும் பொருந்தும்.

அதற்குப் பதில் இப்படி எழுதிப் பாருங்கள்: 'என் படலங்களில் டாக் வரைபடத்தின்படி பேண்ட் கேப் 3.2 முதல் 3.3 எலெக்ட்ரான் வோல்ட் வரை வருகிறது. சாதாரண பிபிஇ முறையில் கணக்கிட்டால் 0.8-க்குப் பக்கத்தில் நின்றுவிடுகிறது. ஹப்பர்ட் யு திருத்தம் சேர்த்தால் கூடுகிறது. ஆனால் யு-வின் மதிப்பை எந்த அடிப்படையில் வைப்பது என்று கேட்க எங்கள் துறையில் ஆள் இல்லை. உங்கள் பள்ளியில் அதற்கென்று ஒரு பயிற்சி வகுப்பு இருக்கிறது.'

ஐந்தே வரி. நீங்கள் கையால் வேலை செய்தவர், ஓர் இடத்தில் முட்டி நிற்கிறீர்கள், அவர்களிடம் இருப்பதைத்தான் தேடுகிறீர்கள், மூன்றும் தெரிந்துவிட்டன. பிபிஇ என்ற கணக்கீட்டு முறை ஸிங்க் ஆக்சைடின் பேண்ட் கேப்பை, அதாவது அதன் எலெக்ட்ரான் ஆற்றல் பட்டைகளுக்கு நடுவே உள்ள இடைவெளியை, இவ்வளவு குறைத்துக் காட்டுவது துறைக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த சிக்கல். வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் மேலே எழுதியதை அப்படியே எடுத்துப் போடாதீர்கள். நீங்கள் முட்டி நிற்கும் இடம் வேறாக இருக்கும். அந்த இடத்தை எழுதுங்கள்.

சிபாரிசுக் கடிதத்துக்கும் இதே கதைதான். 'இவர் நல்லொழுக்கம் உள்ளவர், கடின உழைப்பாளி' என்று லெட்டர்ஹெட்டில் வருவது நன்னடத்தைச் சான்றிதழுக்குச் சரி, இதற்குப் போதாது. கைடு பெரும்பாலும் வேலைப் பளுவில் இருப்பார். என்ன அளந்தீர்கள், எந்தக் கருவியைப் பழுது பார்த்தீர்கள், எந்த முடிவு எதிர்பாராமல் வந்தது என்று அரைப்பக்கம் எழுதி அவர் கையில் கொடுங்கள். கடிதம் தானாகவே மாறிவிடும். இதைக் கடைசித் தேதிக்கு முந்தின நாள் செய்யாதீர்கள்.

'உங்கள் கட்டுரையைப் பார்த்து வியந்தோம், சர்வதேசக் கோடைப் பள்ளிக்குத் தேர்வாகிவிட்டீர்கள்' என்று மெயில் வந்தது. டாலரில் கட்டணம் கட்டச் சொல்கிறார்கள். நம்பலாமா?
— திருவொற்றியூர்

நீங்கள் விண்ணப்பிக்கவே இல்லை, ஆனால் தேர்வாகிவிட்டீர்கள். அங்கேயே முடிந்தது. பணம் கட்டாதீர்கள்.

கட்டணம் கேட்பதாலேயே ஒன்று போலி ஆகிவிடாது. பிரெஞ்சு ஆல்ப்ஸ் மலையில் 1951 முதல் நடக்கும் லே ஊஷ் பள்ளி மிக மதிப்பானது, தங்கும் செலவுக்கு அங்கே பணம் வாங்குகிறார்கள். பாடம் நடத்துகிறவர்கள் பெயர் போட்டிருக்கிறதா, அவர்கள் தங்கள் பல்கலைக்கழகப் பக்கத்தில் அதைக் குறிப்பிட்டிருக்கிறார்களா, நாள்வாரியாகப் பாடத் திட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரே ஹோட்டலில் ஒரே வாரத்தில் இயற்பியல், பல் மருத்துவம், மேலாண்மை மூன்றுக்கும் 'சர்வதேச மாநாடு' என்றால் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

உதவிப் பேராசிரியர். வாரம் முழுக்க வகுப்பு, வீட்டில் நான்கு வயதுக் குழந்தை. பிஎச்.டி.க்குப் பிறகு ஆராய்ச்சி நின்றே போய்விட்டது. எனக்கு இனி வழி இருக்கிறதா மேடம்?
— பழைய வண்ணாரப்பேட்டை

இருக்கிறது. சலாம் மனதில் வைத்திருந்த ஆளே நீங்கள்தான்.

முதலில் ஒரு வாரம் அல்லது இரண்டு வாரப் பள்ளி ஒன்றைக் கோடை விடுமுறையில் பிடியுங்கள். வெளிநாடாக இருக்க வேண்டும் என்றில்லை. பெங்களூருவில் உள்ள ஐசிடிஎஸ் என்ற கோட்பாட்டு அறிவியல் மையம் நடத்தும் நிகழ்ச்சிகள் அதே தரம், பல நாட்டு ஆசிரியர்கள் வருகிறார்கள், ரயிலில் போய் வந்துவிடலாம். விட்டுப்போன தொடர்பு அங்கே திரும்பக் கிடைக்கும். அடுத்து ஐசிடிபியில் பெண் இயற்பியலாளர்களுக்கென்றே ஒரு பணி வளர்ச்சிப் பயிலரங்கு 2013 முதல் நடக்கிறது. கட்டுரை எழுதுவது, வேலை இடத்தில் பேசிப் பெற வேண்டியதைப் பெறுவது, குடும்பத்தையும் ஆராய்ச்சியையும் சேர்த்துக் கொண்டுபோவது எல்லாம் அங்கே வெளிப்படையாகப் பேசப்படும். குழந்தையை அழைத்து வர வசதி உண்டா என்று அந்த நிகழ்ச்சியின் செயலகத்துக்கு மெயில் போட்டுக் கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை.

ஆராய்ச்சி கொஞ்சம் சூடு பிடித்த பிறகு ஐசிடிபியின் அசோசியேட் திட்டத்தைப் பாருங்கள். வளரும் நாடுகளில் வேலை செய்கிறவர்கள் வேலையை விடாமல், ஆறாண்டுக் காலத்தில் மூன்று முறை அங்கே போய்த் தங்கி ஆராய்ச்சி செய்ய வழி செய்யும் திட்டம் அது. என்னைக் கேட்டால் ஐசிடிபி செய்வதிலேயே உயர்ந்த காரியம் இதுதான்.

அரசுக் கல்லூரி என்றால் தடையின்மைச் சான்றுக்கு முதல்வர் வழியாகக் கல்லூரிக் கல்வித் துறை வரை கோப்பு நகர வேண்டும். அழைப்புக் கடிதம் வந்த அன்றே மனு கொடுத்துவிடுங்கள்.

அப்பா மீன்பிடித் தொழில். என் வங்கிக் கணக்கில் பெரிதாக எதுவும் இல்லை. பள்ளிக்குத் தேர்வானாலும் விசா கிடைக்குமா?
— ஆய்வு மாணவர், எண்ணூர்

அழைப்புக் கடிதத்தைக் கவனமாகப் படியுங்கள். தங்குமிடம், சாப்பாடு, பயணம் இவற்றில் எதை அவர்கள் ஏற்கிறார்கள் என்று அதில் எழுதியிருக்கும். உங்கள் செலவை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்பதற்கு அதுவே பெரிய ஆதாரம். கூடவே பெல்லோஷிப் உத்தரவு, கல்லூரியில் இருந்து 'இவர் எங்கள் ஆய்வு மாணவர், இந்தத் தேதியில் திரும்பி வந்து வேலையைத் தொடர்வார்' என்ற கடிதம், இருக்கிற வங்கி விவரம் எல்லாவற்றையும் வையுங்கள். கடைசி நேரத்தில் யாரிடமாவது கடன் வாங்கிக் கணக்கில் பெரிய தொகை போட்டுக் காட்டாதீர்கள். அதுதான் சந்தேகத்தைக் கிளப்பும்.

90 நாளுக்கு உட்பட்ட பயணத்துக்கு ஷெங்கன் குறுகிய கால விசா. கட்டணம் 90 யூரோ. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு எடுத்திருக்க வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், விண்ணப்ப மையம் சென்னையிலேயே இருக்கிறது. பாஸ்போர்ட் இல்லை என்றால் இந்த வாரமே போடுங்கள். தேர்வான பிறகு போடலாம் என்று இருந்தால் போலீஸ் விசாரணை முடிவதற்குள் தேதி கடந்துவிடும். டிக்கெட் பணத்துக்கு, முன்பு செர்ப் என்று இருந்து இப்போது ஏஎன்ஆர்எஃப் ஆகியிருக்கும், ஆராய்ச்சிக்கு நிதி தரும் மத்திய அரசு அமைப்பில் வெளிநாட்டுப் பயண உதவி அறிவிப்பு ஏதாவது இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டு. செர்ன் கோடைத் திட்டத்துக்கு இப்போதே போடலாமா?
— ராயபுரம்

ஜெனீவா அருகே உள்ள துகள் இயற்பியல் ஆய்வகம்தானே? இன்னும் கொஞ்சம் பொறுங்கள். மூன்று ஆண்டு பல்கலைக்கழகப் படிப்பை முடித்திருக்க வேண்டும் என்பது அங்குள்ள விதி. இந்தியா 2017 முதல் செர்னின் இணை உறுப்பு நாடு, எனவே கதவு திறந்துதான் இருக்கிறது.

அதுவரை இங்கே நிறைய இருக்கிறது. மும்பை ஹோமி பாபா அறிவியல் கல்வி மையத்தின் நியஸ் என்ற பயிற்சித் திட்டம் உங்கள் வயதுக்காரர்களுக்கானது. இந்திய அறிவியல் கழகங்கள் சேர்ந்து தரும் கோடை ஆராய்ச்சி பெல்லோஷிப்பைத் தவறாமல் போடுங்கள். இயற்பியல் ஆசிரியர் சங்கம் பட்டப்படிப்பு மாணவர்களுக்காகத் தேசிய அளவில் நடத்தும் என்ஜிபிஇ தேர்வை எழுதுங்கள். பீச் ஸ்டேஷனில் பறக்கும் ரயில் ஏறினால் தரமணி. 1962-இல் தொடங்கிய கணித அறிவியல் நிறுவனம் அங்கேதான் இருக்கிறது. முன்கூட்டி ஒரு மெயில் போட்டுவிட்டு ஒரு கருத்தரங்க உரைக்குப் போய் உட்காருங்கள். முதல் தடவை பாதிக்கு மேல் புரியாது, பரவாயில்லை.

பிப்ரவரியில் ஒளியியல் வின்டர் காலேஜுக்குத் தேர்வாகிவிட்டேன்! என்ன எடுத்துப் போக வேண்டும்?
— பெரம்பூர்

மிகுந்த மகிழ்ச்சி. ட்ரியெஸ்டில் போரா என்று ஒரு குளிர்காற்று வீசும். சில நாள் மணிக்கு நூறு கிலோமீட்டரைத் தாண்டும். குடை நிற்காது. காற்று புகாத, தலைமூடி வைத்த ஜாக்கெட்டும் நல்ல ஷூவும் முக்கியம். உங்கள் ஆய்வைப் பற்றிப் போஸ்டர் போடச் சொன்னால் தயங்காமல் போடுங்கள், தேநீர் இடைவேளையில் அதன் பக்கத்திலேயே நில்லுங்கள்.

இரண்டு முறை போட்டு இரண்டு முறையும் கிடைக்கவில்லை. விட்டுவிடலாமா?
— மணலி

வேண்டாம். ஒரு பள்ளிக்கு இடம் குறைவு, ஒரே நாட்டில் இருந்து நிறையப் பேரை எடுக்க மாட்டார்கள், இந்தியாவில் இருந்தோ விண்ணப்பம் ஏராளமாகப் போகிறது. கிடைக்காமல் போனதற்கு உங்கள் தகுதி மட்டும் காரணமாக இருக்காது.

அதற்குள் ஒன்று செய்யுங்கள். ஐசிடிபியின் பல பள்ளிகளும் அதன் டிப்ளமா வகுப்புகளும் முழுதாகப் பதிவு செய்யப்பட்டு யூடியூபில் இருக்கின்றன. ஐசிடிஎஸ் உரைகளும் அப்படியே. நீங்கள் போட்ட பள்ளியின் பாடங்களை, துறையில் இன்னும் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு வாரம் ஒரு நாள் பாருங்கள். வீடியோவை நிறுத்தி நிறுத்திக் கணக்கைக் கையால் போடுங்கள். எந்த வரி ஓடவில்லையோ அதைக் குறித்துவைத்து, பாடம் நடத்தியவருக்கே சுருக்கமாக மெயில் போடுங்கள். பதில் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அடுத்த முறை விண்ணப்பத்தில், 'சென்ற ஆண்டுப் பள்ளியின் பாடங்களை முழுதாகப் பார்த்தேன், இந்த இடத்தில் இந்தச் சிக்கல்' என்று எழுத உங்களிடம் விஷயம் இருக்கும். அந்த வரைவை எனக்கும் அனுப்புங்கள், படித்துப் பார்த்துச் சொல்கிறேன்.