அப்பாவின் தகரப்பெட்டியும் 42,000 பங்குகளும்

அன்புள்ள ஐயா,

தாய்லாந்தின் பீட்டா லிம்ஜரோன்ராத் பற்றி ஒரு வீடியோ பார்த்தேன். இளைஞர், ஹார்வர்டில் படித்தவர், 2023 தேர்தலில் அவர் கட்சிக்குத்தான் முதலிடம். ஆனாலும் பிரதமராக முடியவில்லை. மன்னர் அவதூறுச் சட்டத்தைத் திருத்துவேன் என்ற பிடிவாதத்தைக் கொஞ்சம் தளர்த்தியிருந்தால் வென்றிருப்பார் அல்லவா? அனுபவமின்மைதான் அவரைத் தோற்கடித்தது என்று எனக்குப் படுகிறது. உங்கள் கருத்து என்ன?

க.

அன்புள்ள க.,

உங்கள் கடிதம் வந்த அன்று நான் அவரைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வெள்ளையடிக்க என் அப்பாவின் தகரப்பெட்டியைக் கட்டிலுக்கடியிலிருந்து இழுத்துவைத்திருந்தேன். அதற்கு வருகிறேன்.

ஹார்வர்டை விடுங்கள். அனுபவமின்மை என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் கோபம் வரவைத்தது. பீட்டாவின் அப்பா இறந்தபோது பீட்டாவுக்கு 25 வயது. படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டு ஊர் திரும்பி, குடும்பத்தின் தவிட்டெண்ணெய்த் தொழிலைத் தூக்கி நிறுத்தியவர். 2019இல் நாடாளுமன்றத்தில் விவசாயிகளைப் பற்றிப் பேசியபோது சட்டைப் பொத்தானைச் சொன்னார். முதல் பொத்தானை மாற்றிப் போட்டால் கடைசிவரை எல்லாம் கோணல்தான். விவசாயிக்கு முதல் பொத்தான் நிலம், அடுத்தது கடன் என்றார். அனுபவமில்லாதவர் பேச்சா இது?

பிடிவாதம் பற்றி. ஒருவருக்கு 3 முதல் 15 ஆண்டு வரை சிறை தரும் சட்டம் அது, பிரிவு 112. அதைத் திருத்துவோம் என்று வெளிப்படையாகச் சொல்லித்தான் ஓட்டுக் கேட்டார்கள். 1 கோடியே 40 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் போட்டார்கள், 151 இடம் கிடைத்தது. ஓட்டு வாங்கிய பிறகு வாக்கை விழுங்கச் சொல்கிறீர்களா? ராணுவ ஆட்சி நியமித்த 250 செனட்டர்களுக்கும் பிரதமர் தேர்வில் ஓட்டு இருந்தது. 375 வேண்டிய இடத்தில் அவருக்கு 324 கிடைத்தது. செனட்டர்களில் ஆதரித்தவர்கள் 13 பேர்.

சரி, பெட்டிக்கு வருகிறேன்.

அப்பா போன பிறகு அதைத் திறந்தபோது பாச்சா உருண்டை வாசனை. வேட்டிக்கு அடியில் ஒரு பழுப்பு உறை. உள்ளே எப்போதோ மூடிப்போன ஒரு மில்லின் பங்குப் பத்திரங்கள். மடிப்பில் கிழிந்து, அப்பாவே டேப் ஒட்டியிருந்தார், டேப்பும் மஞ்சளாகிவிட்டது. வாரிசுச் சான்றிதழை எடுத்துக்கொண்டு ஓர் அலுவலகத்துக்கு நான்கு முறை நடந்தேன். நான்காவது முறை ஒருவர், "இதுக்கு மதிப்பே இல்ல சார், ஆனா பேர்ல இருக்கே" என்றார். பேரில் இருக்கிறது, அவ்வளவுதான். விற்க முடியாது, கிழித்துப்போட மனம் வரவில்லை. பின்பக்கம் அப்பாவின் கையெழுத்து, மையில்.

பீட்டாவுக்கும் இப்படித்தான். அப்பாவின் சொத்தில் ஐடிவி என்ற தொலைக்காட்சியின் 42,000 பங்குகள் இருந்தன. அப்பாவின் சொத்தை நிர்வகிக்கும் பொறுப்பில் அவற்றை வைத்திருந்ததாகச் சொன்னார். 1992 மே மாதம் பாங்காக் தெருக்களில் ராணுவம் மக்களைச் சுட்டது. அன்றைய தொலைக்காட்சிகள் அதை மறைத்தன. உண்மையைச் சொல்ல ஒரு நிலையமாவது வேண்டும் என்ற ஏக்கத்திலிருந்து பிறந்தது ஐடிவி. 1996இல் தொடங்கி 2007இல் ஒளிபரப்பு நின்றுவிட்டது. செத்து 16 ஆண்டு ஆன அந்த நிலையத்தின் காகிதத்தைக் காட்டி, ஊடகப் பங்கு வைத்திருப்பவர் தேர்தலில் நிற்கக்கூடாது என்று வழக்கு. நினைக்க நினைக்க எனக்கு வயிறு எரிகிறது.

2023 ஜூலை 19, சபை நடந்துகொண்டிருக்கும்போதே அரசியல் சாசன நீதிமன்றம் அவரை இடைநீக்கம் செய்தது. எழுந்தார். கழுத்திலிருந்த உறுப்பினர் அட்டையைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். கை முஷ்டியை உயர்த்திவிட்டு வெளியே நடந்தார். அதே நாளில், தோற்ற பெயரை மறுபடி முன்மொழிய முடியாது என்று சபையும் கதவைச் சாத்தியது. ஆகஸ்ட் 22இல் வேறொருவர் பிரதமர். 2024 ஜனவரி 24இல் அதே நீதிமன்றம், அந்தக் கம்பெனி ஊடகத் தொழிலே செய்யவில்லை, இவர்மேல் தப்பில்லை என்று தீர்ப்பளித்தது. ஆறு மாதம் கழித்து! இதில் அவருடைய அனுபவமின்மை எங்கே வந்தது, சொல்லுங்கள்.

உங்களைக் கடிந்துகொள்வதில் எனக்குச் சந்தோஷமில்லை. தூரத்து நாட்டு மனிதர் ஒருவருக்காக மனம் கனத்துக் கடிதம் போடுகிறீர்கள், அந்த மனசு எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் அநியாயம் நடந்த இடத்தில், பட்டவரிடமே தப்பைத் தேடாதீர்கள்.

அப்புறம், அவரோடு கதை முடிந்துவிட்டதுபோல எழுதியிருக்கிறீர்கள். 2024 ஆகஸ்ட் 7இல் அவருடைய முன்னேறு கட்சியை நீதிமன்றம் கலைத்தது. அவருக்குப் 10 ஆண்டு அரசியல் தடை, அது முடியும்போது 53 வயதாகியிருக்கும். ஆனால் கட்சி கலைந்த இரண்டே நாளில் மிச்சமிருந்த 143 உறுப்பினர்களும் மக்கள் கட்சி என்ற பெயரில் ஒன்றுகூடி, 37 வயதான நத்தபோங்கைத் தலைவராக்கினார்கள். இதற்கு முன்பு 2020இல், முன்னேறு கட்சிக்கு முன்னோடியான எதிர்கால முன்னேற்றக் கட்சியைக் கலைத்தபோதும் இப்படித்தான். அந்தக் கட்சி 2019 தேர்தலில் வென்றது 81 இடம், அதன் வாரிசு 2023இல் வென்றது 151. அடுத்த முறை எனக்கு எழுதும்போது அந்த 143 பேரைப் பற்றிக் கேளுங்கள்.