அல்லது அதற்கு இணையான சிறுத்தை

காலாண்டு லீவு முடிந்து இரண்டு வாரம் ஆகிறது. யானை, தேயிலை, புத்தர் மூன்றையும் ஆறே நாளில் காட்டிக் கூட்டி வரும் இலங்கை பாக்கேஜை நம் வேலூர்ப் பக்கம் இத்தனை பேர் வாங்குகிறார்கள் என்று இந்த வாரத் தபாலைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன். ஏஜென்ட்டுகள் மேல் விழுந்த வசவுகளை வெட்டிவிட்டேன். நல்ல வசவுகள்தான், அச்சுக்கு ஆகாது.

கேள்வி: ஆறு நாள் டூருக்கு நானும் கணவரும் ஆளுக்கு 52,000 கட்டினோம். நோட்டீஸில் பாதிப் பக்கத்துக்கு யால தேசியப் பூங்காச் சிறுத்தை படம். செப்டம்பர் கடைசியில் அங்கே போய் இறங்கினால், "யால மூடியிருக்கு" என்கிறார் டிரைவர். உடவளவை என்ற இன்னொரு காட்டுக்குக் கூட்டிப்போய் யானை காட்டினார்கள். ஊருக்கு வந்து கேட்டால், "காட்டை மூடினதுக்கு நான் என்னம்மா செய்வேன்" என்கிறார் ஏஜென்ட்.
— ஓய்வுபெற்ற ஆசிரியை, குடியாத்தம்

பதில்: டீச்சர், காட்டுக்குள் போய்ச் சிறுத்தை கண்ணில் படாமல் திரும்பியிருந்தால் யாரையும் கேட்க முடியாது. அது சிறுத்தையின் இஷ்டம். கேட்டே பூட்டியிருந்தது வேறு கதை.

யாலவில் எல்லோரும் போகிற முதல் பிளாக்கை வறட்சிக் காலத்தில், செப்டம்பரை ஒட்டி, சில வாரங்கள் மூடுவது அங்கே ஏறக்குறைய வருஷா வருஷம் நடப்பது. இலங்கை டூர் விற்கிறவருக்கு இது ஆடித் தள்ளுபடி எந்த மாசம் என்பதுபோலத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தே விற்றிருந்தால் மோசடி, தெரியாமல் விற்றிருந்தால் சேவைக் குறைபாடு. எப்படிப் பார்த்தாலும் பொறுப்பு அவருடையதுதான். இத்தனைக்கும், ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் மின்னேரியா குளத்தில் தண்ணீர் வற்றி, கரையில் புல் முளைக்க, யானைகள் நூற்றுக்கணக்கில் வந்து கூடும். நேர்மையான ஆள் பணம் வாங்கும் முன்பே, "அம்மா, யால இருக்காது, மின்னேரியா போகலாமா?" என்று கேட்டிருப்பார்.

நோட்டீஸ், பயணத் திட்டத் தாள், பணம் கட்டிய ரசீது, வாட்ஸ்அப் பேச்சு எல்லாவற்றையும் பிரின்ட் எடுங்கள். பதிவுத் தபாலில் ஒரு கடிதம் போட்டு 15 நாள் கெடு கொடுங்கள். 1915-க்குப் போன் செய்து தேசிய நுகர்வோர் உதவி மையத்திலும் புகாரைப் பதியுங்கள். அப்படியும் அசையவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. ஏஜென்ட் ஆபீஸ் சென்னையில் இருந்தாலும், 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். நீங்கள் கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும்.

முழுப் பணத்தையும் கேட்காதீர்கள். ஐந்து ராத்திரி தூங்கியிருக்கிறீர்கள், யானையும் பார்த்திருக்கிறீர்கள். யால சஃபாரிக்கான தொகை, மன உளைச்சலுக்கு ஒரு நியாயமான தொகை, செலவு. அளவாகக் கேட்கிறவர் பேச்சுக்கு எடை அதிகம்.

கேள்வி: பின்னவலையா, உடவளவையா?
— காட்பாடி

பதில்: குளிக்கிற யானை வேண்டுமானால் பின்னவலை யானைக் காப்பகம். காட்டு யானை வேண்டுமானால் உடவளவை.

கேள்வி: பாக்கேஜ் தொகைக்கு மேல் டி.சி.எஸ். என்று தனியாக ஒரு தொகை வாங்கினார்கள். இதுவும் ஏமாற்றா?
— ராணிப்பேட்டை

பதில்: இல்லை. அது முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி. வெளிநாட்டு டூர் பாக்கேஜ் விற்பவர் வசூலித்துத்தான் ஆக வேண்டும். உங்கள் பான் எண்ணில் கட்டப்படும். கணக்குத் தாக்கல் செய்யும்போது வரியில் கழித்துக்கொள்ளலாம், வரியே இல்லாதவர் திரும்ப வாங்கலாம். விகிதம் பட்ஜெட்டுக்கு பட்ஜெட் மாறுகிறது. வருமான வரித் தளத்தில் உங்கள் பெயரில் அந்தத் தொகை ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். கொஞ்ச நாள் பொறுத்தும் ஏறவில்லை என்றால் ஏமாற்றாக இருக்கலாம், அப்போது எழுதுங்கள்.

கேள்வி: கண்டியில் "ஏரி தெரியும் நான்கு நட்சத்திர ஓட்டல்" என்று தாளில் இருந்தது. ஊருக்கு வெளியே எங்கேயோ தங்கவைத்தார்கள். ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டி. கேட்டதற்கு, ஓட்டல் பெயருக்குக் கீழே பொடி எழுத்தில் "அல்லது அதற்கு இணையானது" என்று இருப்பதைக் காட்டுகிறார்கள்.
— வாணியம்பாடி

பதில்: இந்த மூன்று சொல்லுக்காக நான் பல வருஷமாகக் காத்திருந்தேன். காபி போட்டுக்கொண்டு வந்து படியுங்கள்.

நானும் ஒருமுறை இப்படி ஒரு டூர் வாங்கினேன். நுவரெலியாவில் "ஹீட்டர் வசதியுள்ள அறை அல்லது அதற்கு இணையானது". ஏலகிரிக் குளிர் மாதிரிதானே என்று ஒரே ஸ்வெட்டரோடு போனேன். நுவரெலியா 1,868 மீட்டர் உயரம், ஏலகிரியைவிட எழுநூறு மீட்டருக்கு மேல் கூடுதல். ஹீட்டருக்கு இணையாக எனக்குக் கிடைத்தது இன்னொரு கம்பளி. அதிலும் ஓட்டை. ராத்திரி முழுக்கப் பல்லைக் கடித்துக்கொண்டு அந்தத் தாளைப் படித்தேன். அன்றிலிருந்து டூர் தாளைப் பத்திரம் படிப்பதுபோல்தான் படிக்கிறேன்.

"இணையானது" என்றால் எதற்கு இணை? நட்சத்திரத்துக்கா, இடத்துக்கா, விலைக்கா? அதைச் சொல்லாதவரை அந்தச் சொல் விற்கிறவருக்கு மட்டும் லாபம். ஒவ்வோர் ஊருக்கும் இரண்டு ஓட்டல் பெயர் கேளுங்கள், இரண்டையும் எழுதி வாங்குங்கள். இந்த இரண்டில் ஒன்று இல்லையென்றால் வித்தியாசப் பணம் திரும்ப வரும் என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். மறுத்தால் அடுத்த கடை.

அந்தத் தாளில் இதற்குத் தம்பிகள் உண்டு. "சிகிரியா விசிட்" என்பது ஒன்று. ஐந்தாம் நூற்றாண்டில் காசியப்ப மன்னன் கோட்டை கட்டிய அந்தப் பாறைமேல் ஏற ஏறக்குறைய 1,200 படி. டிக்கெட் விலையும் லேசுப்பட்டதில்லை, இந்தியா உள்ளிட்ட சார்க் நாட்டவருக்குச் சலுகை உண்டு, பாஸ்போர்ட் காட்ட வேண்டும். பல தாள்களில் "விசிட்" என்பதற்கு அர்த்தம், கீழே வண்டியை நிறுத்திப் போட்டோ எடுத்துக்கொண்டு தம்புள்ளைக்குக் கிளம்புவது. நுழைவுக் கட்டணம் சேர்த்தியா என்று கேட்காமல் பணம் கட்டாதீர்கள். "சஃபாரி" என்று இருந்தால், ஜீப்பில் எத்தனை பேர், பாதி நாளா முழு நாளா? "நேரம் இருந்தால்" என்று இருந்தால் நேரம் இருக்காது. மலைப்பாதையில் கண்டியிலிருந்து நுவரெலியா 80 கிலோமீட்டர்கூட இல்லை, ஆனால் மூன்று மணி நேரம் விழுங்கும். தம்புள்ளையிலிருந்து கண்டிக்கு வரும் வழியிலோ, மாத்தளையில் மசாலாத் தோட்டம் என்று ஒன்றரை மணி நேரம் உட்காரவைத்து, முட்டிவலித் தைலம் விற்பார்கள். அதற்கு மட்டும் நேரம் எப்போதும் இருக்கும், கமிஷன் இருக்கிறதல்லவா. கடைகளில் எத்தனை இடத்தில் நிறுத்துவீர்கள் என்பதையும் எழுதி வாங்குங்கள்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். "ஏரி தெரியும்" என்று தாளில் அச்சாகியிருக்கிறது. தண்ணீர்த் தொட்டியில் தண்ணீர் இருந்தாலும் அது ஏரிக்கு இணையாகாது. ஜன்னலை போட்டோ எடுத்திருந்தால் வழக்கு உங்கள் பக்கம். குடியாத்தம் டீச்சருக்குச் சொன்ன வழிதான்.

கேள்வி: வாட்ஸ்அப்பில் வந்த இலங்கை ஆஃபர். 18,999-க்கு விமானம் உட்பட எல்லாம். குடும்பத்தில் நாலு பேருக்கும் ஜிபேயில் அனுப்பிவிட்டேன். இப்போது அந்த நம்பர் ஸ்விட்ச் ஆஃப். பில் எதுவும் வாங்கவில்லை, கேட்கக் கூச்சமாக இருந்தது. கம்பெனி பெயர் சரியாக ஞாபகம் இல்லை.
— ஆம்பூர்

பதில்: எழுபத்தாறாயிரம் அனுப்பக் கூச்சமில்லை, பில் கேட்கக் கூச்சமா? ஒரு ஜோடி செருப்பு வாங்கினால் தோலை மோந்து, தையலைத் திருப்பிப் பார்க்கிற ஊர் உங்கள் ஊர்!

திட்டு முடிந்தது. இதைப் படித்த நிமிஷமே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு போன் செய்யுங்கள். பணம் கைமாறுவதற்குள் முடக்க அதுதான் வழி, தாமதமாக ஆக வாய்ப்புக் குறையும். பேங்கிலும் எழுதிக் கொடுங்கள். வாட்ஸ்அப் பேச்சை அழிக்காதீர்கள். பணம் போன யு.பி.ஐ. எண் உங்கள் போனிலேயே இருக்கிறது, கம்பெனி பெயரைவிட அது முக்கியம்.

கேள்வி: ஜீப்காரர் 6,000 ரூபாய் கேட்டார். என்னிடம் நம்ம ஊர்ப் பணம்தான் இருந்தது. 6,000 கொடுத்தேன், சிரித்தபடி வாங்கிக்கொண்டார். அதிகமோ?
— சோளிங்கர்

பதில்: சிரிக்காமல் என்ன செய்வார்? நம் ஒரு ரூபாய்க்கு அங்கே மூன்று ரூபாய்க்கு மேல். அவர் கேட்டது நம் கணக்கில் 2,000-க்குள். மீதி நீங்கள் கொடுத்த அன்பளிப்பு.

கேள்வி: "அரசு அங்கீகாரம் பெற்ற கடை" என்று கைடு கூட்டிப்போன இடத்தில் மகள் கல்யாணத்துக்காக ஒரு நீலக்கல் வாங்கினேன், 85,000. கார்டில் கட்டினேன். இங்கே காட்டினால் செயற்கைக் கல் என்கிறார்கள். வீட்டில் இன்னும் சொல்லவில்லை.
— ஆற்காடு

பதில்: முதலில் வீட்டில் சொல்லுங்கள். தப்பு செய்தது நீங்கள் இல்லை.

என் கதையைக் கேளுங்கள். நானும் ஒரு நீலக்கல் மோதிரத்தோடு வந்து, லாங் பஜாரில் தெரிந்த நகைக்கடையில் பெருமையாக நீட்டினேன். அவர் லென்ஸ்கூட எடுக்கவில்லை. "அழகா இருக்கு சார், கண்ணாடி" என்றார். இன்னும் மேஜை டிராயரில்தான் கிடக்கிறது.

இலங்கை நீலக்கல்லுக்கு உலகப் பெயர், இரத்தினபுரி மண்ணில் அசல் கிடைக்கத்தான் செய்கிறது. சூடுபடுத்தி நிறம் ஏற்றுவதும் தொழிலில் வழக்கம்தான், ஆனால் அதைச் சொல்லி விற்க வேண்டும். செயற்கைக் கல்லை இயற்கை என்று விற்பது சுத்த மோசடி. கடைக்காரரே தரும் சர்டிபிகேட் அவர் தனக்குத்தானே போட்டுக்கொண்ட மார்க். அங்கே தேசிய இரத்தின, ஆபரண அதிகார சபை என்று அரசு அமைப்பு இருக்கிறது. கல்லைச் சோதித்த பிறகு பணம் என்று சொன்னால், நல்ல கடை சம்மதிக்கும்.

நீங்கள் கார்டில் கட்டியது நல்லதாகப் போயிற்று. இங்கே ஒரு ரத்தினச் சோதனைக் கூடத்தில் எழுத்தில் அறிக்கை வாங்கி, கார்டு கொடுத்த பேங்கில் இன்றே ஆட்சேபம் பதியுங்கள், அதற்குக் கெடு உண்டு. அந்தக் கடை டூர் தாளில் இருந்ததென்றால் ஏஜென்ட்டையும் எதிர்த்தரப்பாகச் சேர்க்கலாம். அறிக்கை வந்ததும் எனக்கு எழுதுங்கள், மனுவைச் சேர்ந்து எழுதலாம்.

கேள்வி: நாங்கள் சுத்த சைவம். பாக்கேஜில் "வெஜ்" என்று போட்டிருந்தால் போதுமா?
— ஆரணி

பதில்: போதாது. அங்கே தேங்காய்ச் சம்பலிலேயே மாசிக் கருவாடு தூள் விழும், பலருக்கு அது கறிக் கணக்கில் வராது. "மாசி, கருவாடு, முட்டை இல்லாமல்" என்று எழுதி வாங்குங்கள். தேயிலைத் தோட்டப் பக்கம் போய்விட்டால் கவலையில்லை, தமிழிலேயே கேட்டுக்கொள்ளலாம். அவர்களின் பாட்டன் பூட்டன்களும் நம் தமிழ்நாட்டு ஜில்லாக்களிலிருந்து போனவர்கள்தான்.

கேள்வி: எஸ்டேட் கடையில் வாங்கிய டீ அசல் இலங்கை டீயா என்று எப்படிப் பார்ப்பது?
— அரக்கோணம்

பதில்: பாக்கெட்டில் வாளேந்திய சிங்க முத்திரை இருக்க வேண்டும். முழுக்க அந்த நாட்டுத் தேயிலை, அங்கேயே பாக்கெட் போட்டது என்று அர்த்தம். ருசிக்கு அந்தச் சிங்கம் பொறுப்பில்லை. நம் வீட்டு டிகாஷன் பழக்கத்துக்கு உயர்ந்த இலை வெந்நீர் மாதிரி இருக்கும், தூள் வாங்குங்கள்.

கேள்வி: புத்தர் படம் போட்ட டீ-ஷர்ட் இரண்டு புதிதாக வாங்கினேன். டூருக்குப் போட்டுக்கொள்ளலாமா?
— வாலாஜா

பதில்: வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். கையில் புத்தரைப் பச்சை குத்தியிருந்த பயணியையே 2014-இல் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். சிலைக்கு முதுகைக் காட்டி செல்ஃபியும் வேண்டாம்.

கேள்வி: எனக்கு 68 வயது, மூட்டுவலி. கண்டி பார்க்க ஆசை. அரை லட்சம் தண்டம் என்கிறான் மகன். யார் சொல்வது சரி?
— சத்துவாச்சாரி

பதில்: ஆசை உங்களுடையது, பணம் யாருடையது என்று எழுதவில்லை. உங்களுடையது என்றால் போய்வாருங்கள், சிகிரியா படிகளை மட்டும் விட்டுவிட்டு, புத்தரின் பல் இருக்கும் தலதா மாளிகைக்குச் சாவகாசமாக ஒரு நாள் கேளுங்கள்.

கிளம்புவதற்குள் ஒரு வேலை. கண்டியில் எல்லோரும் போட்டோ எடுத்துக்கொள்ளும் அந்த ஏரியை வெட்டுவித்தவர் கடைசி அரசர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன். 1815-இல் வெள்ளைக்காரன் பிடித்து, நம் வேலூர்க் கோட்டையில் கொண்டுவந்து வைத்தான். 1832-இல் இங்கேயே இறந்தார். பாலாற்றங்கரை முத்து மண்டபத்தில்தான் அவர் சமாதி. சத்துவாச்சாரியிலிருந்து ஆட்டோவில் போய்விடலாம். ஏறுவதற்கு முன் போக, வர, காத்திருக்க என்று மூன்றுக்கும் சேர்த்துப் பேசிக்கொள்ளுங்கள்.