கலியாணச் செய்தியை விடுங்கள், மரண அறிவித்தலிலிருந்து தொடங்குங்கள்

திருகோணமலை உவர்மலையிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: “அம்மம்மாவின் திருமண அழைப்பிதழ் பெட்டிக்குள் கிடைத்தது. ‘விஷு வருடம் தை மாதம்’ என்று இருக்கிறது. அம்மப்பா டொக்யார்ட்டில் (கடற்படைக் கப்பல் பட்டறையில்) இலிகிதர் (எழுத்தர்). இருவரும் இப்போது இல்லை. அவர்கள் குடித்தனம் தொடங்கிய காலத்தைப் பழைய பத்திரிகைகளில் தேடிப் பிடிக்க முடியுமா?”

முதலில் வருடத்தை முடிவு செய்வோம். விஷு 1941 சித்திரையில் பிறந்தது. அதன் தை என்றால் 1942 ஜனவரி நடுவிலிருந்து பெப்ரவரி நடு வரை. இதைக் கணக்கிட்டதும் எனக்குச் சுருக்கென்றது. அந்த ஏப்ரல் 9 காலையில்தான் ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்தையும் சீனக்குடா விமானத்தளத்தையும் தாக்கின. தாலி கட்டி மூன்று மாதம்கூட ஆகியிராது. அடுத்த வருடமான சித்திரபானு பிறக்கச் சில நாட்களே இருந்தன.

அந்நாளில் வீரகேசரி (1930), தினகரன் (1932), யாழ்ப்பாணத்து ஈழகேசரி (1930) மூன்றும் வெளிவந்துகொண்டிருந்தன. ஆனால் ஓர் இலிகிதரின் கலியாணம் அவற்றில் செய்தியாகியிருக்கும் என்று நம்பிப் புரட்டாதீர்கள். நான் அப்படிப் புரட்டிக் கண் எரிந்ததுதான் மிச்சம். போர்க்காலத் தணிக்கை இருந்ததால் தெருப் பெயர்களும் கிடைப்பது அரிது. டொக்யார்ட் ஊழியர்கள் பிரித்தானியக் கடற்படை நிர்வாகமான அட்மிரல்டியின் கீழ் இருந்தவர்கள். ஆகவே இலங்கை அரச வர்த்தமானியின் இடமாற்றப் பட்டியல்களும் உங்களுக்கு உதவா.

கடைசியிலிருந்து பின்னோக்கி வாருங்கள். இருவருடைய மரண அறிவித்தல்களையும் எடுங்கள். “திருகோணமலையைப் பிறப்பிடமாகவும் … வதிவிடமாகவும் கொண்ட” என்ற ஒரே வரியில் பாதி வழி தெரிந்துவிடும். பெற்றோர், சகோதரர், மைத்துனர், சம்பந்திகள் என்று அதில் நிற்கும் பெயர்களில் எவராவது ஒருவருடைய பெயர் பத்திரிகையில் அடிபட்டிருக்கும். அதைவிடச் செழிப்பானது முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு அச்சடிக்கும் கல்வெட்டு, அதாவது நினைவு மலர். புகழ்ச்சியைக் கழித்துவிட்டுப் படித்தால் எங்கே படித்தார், எங்கே வேலை பார்த்தார், எந்த ஆண்டு யாரை மணந்தார் என்பதெல்லாம் அங்கே இருக்கும். பெரியம்மா, சித்தப்பா வீட்டு அலுமாரிகளை ஒருமுறை கிளறுங்கள். நூலகம் (noolaham.org) இணையத்தளத்திலும் நினைவு மலர்கள் ஏராளம். பழைய பத்திரிகைகளும் உண்டு. அங்கே இருப்பவை பெரும்பாலும் பக்கங்களின் படங்களே என்பதால் பெயரைத் தட்டித் தேடுவதைவிடத் தேதி வாரியாகப் புரட்டுவதே வழி. கொழும்பு 7இல் உள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்திலும் பழைய இதழ்களைப் பார்க்கலாம்.

பெயரில் ஏமாறாதீர்கள். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அம்மம்மா பத்திரிகையில் வந்திருந்தால் “திருமதி” என்று அம்மப்பாவின் பெயரில்தான் வந்திருப்பார். ஆங்கிலப் பத்திரிகைகளில் கந்தையா ‘சி’யிலும் தொடங்குவார், ‘கே’யிலும் தொடங்குவார். ஊரும் அப்படித்தான்: திருகோணமலை, திருக்கோணமலை, திரிகோணமலை.

இன்னொன்று, எழுத்து (விவாகப் பதிவு) நடந்த நாளும் தாலி கட்டிய நாளும் ஒன்றாக இருக்கவேண்டும் என்பதில்லை. பிரதேச செயலகத்தில் விவாகப் பதிவின் பிரதியையும் கேளுங்கள்.

கூடவே மூத்த பிள்ளையின் பிறப்புச் சான்றிதழைப் பாருங்கள். குண்டுவீச்சுக்குப் பிறகு பலர் ஊரைவிட்டு வெளியேறினார்கள். அந்தப் பிள்ளை 1943இலோ அதற்கடுத்தோ மூதூரிலோ யாழ்ப்பாணத்திலோ பிறந்திருந்தால், உங்கள் தேடல் அந்த ஊருக்கு மாறும். பிறந்த இடத்தை எழுதி அனுப்புங்கள். எந்தப் பத்திரிகையின் எந்த மாதத்திலிருந்து தொடங்கலாம் என்று சொல்கிறேன்.